அஞ்சுகம் ஊதிய நிழல்

அஞ்சுகம் வெளியே விட்ட புகை கலையாமல் நிற்கிறது என்பதைக் கழுவெளி நகரில் முதலில் கண்டுகொண்டவை காக்கைகள்தாம். பேருக்கு ஒரு மரம்கூட இல்லாத அந்தக் குடியிருப்பில், சித்திரை வெயிலுக்குத் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தை விட்டால் ஒதுங்க இடமில்லாத காக்கைகள், ஒருநாள் உச்சிப்பொழுதில் பதினோராம் பிளாக்கின் மொட்டை மாடியில் ஒரு பாய் விரித்த அளவுக்கு நிழல் கிடப்பதைப் பார்த்து, ஒன்றையொன்று கூப்பிட்டு, அதற்குள் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டன. காய்ந்த துணியை எடுக்கப்போன எதிர்வீட்டு சகாயமேரி, இவை ஏன் இங்கே கூட்டம் போட்டிருக்கின்றன என்று அண்ணாந்து பார்த்தாள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, பிழிந்து உதறிப்போட்ட வேட்டி மாதிரி ஒரு புகை அசையாமல் நின்றிருந்தது. அதிலிருந்து சர்க்கரைப் பாகில் ஊறிய ஏதோ பழத்தின் வாசனை வந்தது. சகாயமேரி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, காக்கைகளைக் காலால் விலக்கி, அந்த நிழலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நல்லாத்தான் கீது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

கழுவெளி நகரின் ஜனங்கள் எல்லாருமே ஒரு காலத்தில் ஆற்றங்கரையில் இருந்தவர்கள். ஆற்றை அழகாக்க வேண்டும் என்று அவர்களைச் சட்டிபானையோடு லாரியில் ஏற்றி, நகரம் முடிந்து, நகரத்தின் குப்பைமேடும் முடிந்து, அதற்கும் அப்பால் சதுப்பில் மண்ணைக் கொட்டி மேடாக்கிய இடத்தில், தீப்பெட்டிகளை நிறுத்திவைத்த மாதிரி நின்ற பிளாக்குகளில் இறக்கிவிட்டுப் போனார்கள். அங்கே சுவர் சுடும், குழாய்த் தண்ணீர் சுடும், சுவாமி படத்தின் கண்ணாடி சுடும். பகலெல்லாம் குடித்த வெயிலைச் சுவர்கள் விடியும்வரை கக்கிக்கொண்டிருக்கும். கைக்குழந்தைகளை ஈரத்துணியில் சுற்றித் தண்ணீர் ட்ரம்முக்குப் பக்கத்தில் போட்டு வளர்த்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு நிழல் எங்கிருந்து வந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. அது எந்தப் பக்கம் விழுகிறது என்றுதான் பார்ப்பார்கள்.

அஞ்சுகம் அப்போது கண்ணாடிக் கட்டடக் கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்துவந்தாள். புருஷன் பூபதி ஷேர் ஆட்டோ ஓட்டினான். மகள் மோனிஷா ஏழாவது படித்தாள். கம்பெனியின் பெண்கள் கழிவறையில், கைகழுவும் மேடையில், கிளிப்பச்சை நிறத்தில் உதட்டுச்சாயக் குப்பி போல ஒன்று கிடந்ததை எடுத்துப் போய்ச் சூப்பர்வைசரிடம் கொடுத்தாள். இது தடை செய்த சாமான், யாரும் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள், தூக்கிப்போடு என்றார் அவர். அவள் போடவில்லை. பழவாசனைக்காக வாயில் வைத்தாள். வைத்த மாத்திரத்தில், லாரியில் ஏறிய நாளிலிருந்து நெஞ்சுக்குள் இறுகிக்கிடந்த ஒரு முடிச்சு கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது. மறுபடி வைத்தாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்த முடிச்சைத் தளர்த்துவது அந்தக் குழலும், முடிச்சைப் போடுவதும் அந்தக் குழலுமாக ஆகிவிட்டது.

கம்பெனிப் பெண்கள் அதை வேப் என்பார்கள். கழுவெளி நகரில் பின்னால் அதற்குக் குழல் என்றே பேர் நிலைத்தது. அதைத் தொலைத்த பெண் ஒருநாள் அஞ்சுகத்தின் கையில் அதைப் பார்த்துவிட்டு, திருப்பிக் கேட்காமல், சிரித்துக்கொண்டே பக்குவம் சொல்லிக்கொடுத்தாள். பீடி இழுக்கிற மாதிரி தம் கட்டி இழுக்கக் கூடாது, சூடான காப்பியை உறிஞ்சுகிற மாதிரி மெல்ல உறிஞ்ச வேண்டும். ஓர் இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே பொறுக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே பஞ்சு காய்ந்து கருகிப்போகும். படுக்கவைக்கக் கூடாது, நிறுத்தியே வைக்க வேண்டும். படுத்தால் சாறு வாய்ப்பக்கம் ஒழுகிவரும். விளக்கு மினுக்கினால் சார்ஜ் போட வேண்டும், நின்றதும் பிடுங்கிவிட வேண்டும். சார்ஜ் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏற்றலாம், சாறு மட்டும் ஒரே தடவைதான். அது தீர்ந்தால் குழலைத் தூக்கிப்போட வேண்டியதுதான். எங்கே கிடைக்கும் என்பதையும் அந்தப் பெண்ணே சொன்னாள்.

காலை ஷிப்ட் முடிந்து அஞ்சுகம் வீடு திரும்பும்போது வெயில் உச்சியில் இருக்கும். அந்த நேரத்தில் மொட்டை மாடிக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்பதால் அவள் அங்கே போய் ஊதினாள். கம்பெனியின் பின்வாசலில் ஊதினால் காற்றோடு போய்விடுகிற புகை, கழுவெளி நகரின் ஆகாசத்தில் மட்டும் போகாமல் நின்றது. இன்றைய புகை நேற்றைய புகையின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பாய் அளவு ஜமுக்காள அளவாகி, ஜமுக்காளம் கல்யாணப் பந்தலாகி, சித்திரை முடிவதற்குள் பதினோராம் பிளாக்கின் மாடி முழுக்க நிழல் விழுந்தது.

யார் ஊதுகிறார்கள் என்று தெரிந்தபோதுதான் பேச்சு கிளம்பியது. பொம்பளை புகை பிடிக்கிறாள் என்று குழாயடியில் பேசினார்கள். பூபதி இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் கோதண்டம் கூட்டம் போட்டார். சங்க அறைக்குள் அனல் அடித்ததால் கூட்டத்தைப் பதினோராம் பிளாக்கின் மாடியிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக வந்து, அந்த நிழலில் உட்கார்ந்து, நல்லது கெட்டது பேசினார்கள். நம் ஜாதி ஜனத்தில் இது உண்டா என்று ஒருவர் கேட்டார். இது புகையில்லை ஆவிதான் என்று இன்னொருவர் சொன்னார். ஆவி என்றதும் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பேசப்பேச ஒரு கைக்குழந்தை, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, வியர்க்காமல் தூங்கிப்போனது. அதை எழுப்ப மனமில்லாமல் எல்லாரும் குரலைத் தாழ்த்தினார்கள். சாயங்காலம்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கோதண்டம் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரோரம் தலைகுனிந்து நின்ற அஞ்சுகத்தைப் பார்த்து, கிழக்கே பத்தாம் பிளாக்கு பக்கமாகவும் கொஞ்சம் ஊதமுடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

அன்றிலிருந்து அஞ்சுகம் கம்பெனி வேலைக்குப் போகவில்லை. மாடியில் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போட்டார்கள். சாப்பாடு வீட்டுக்கு ஒரு நாள் என்று முறைவைத்து வந்தது. நகரத்துக்குள் போய்வருகிறவர்கள் குழல்களை மடியில் கட்டிக் கொண்டுவந்தார்கள். அவற்றைப் பராமரிக்கிற பொறுப்பு, ஒன்பதாம் பிளாக்கின் கீழே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த அல்போன்ஸுக்கு வந்தது. அல்போன்ஸ் அதைக் கோவில் விளக்கு மாதிரி கவனித்தான். வேகமான சார்ஜர் ஆகாது என்று பழைய போன் சார்ஜர்களைத் தேடிப்பிடித்தான். சார்ஜ் போடுகிற துளையில் தூசி அடைந்தால் பல்குத்தும் குச்சியால் எடுத்தான். வாய்வைக்கும் இடத்தில் சேர்கிற பிசுக்கைக் காதுகுடையும் பஞ்சால் துடைத்தான். குழல் களகளவென்று சத்தம் போட்டால் சாறு தப்பான இடத்தில் தேங்கிவிட்டதென்று அறிந்து, துணியில் சுற்றி, வாய்ப்பக்கம் கீழே பார்க்க மெல்லத் தட்டினான். வெயில் படக் கூடாது என்று மண்பானைக்குள் நிறுத்திவைத்தான். ஒன்று மின்னேற்றத்தில் இருக்க, ஒன்று ஆற, ஒன்று அவள் கையில் இருந்தது. சாறு தீர்ந்ததை மட்டும் அவனால் ஒன்றும் செய்யமுடியவில்லை. உயிர் இருக்குதுக்கா, உள்ள சரக்குத்தான் இல்ல என்று சொல்லிச் செத்த குழல்களை மணல் நிரப்பிய பெயின்ட் வாளியில் போட்டுவைத்தான். முன்பு ஒருமுறை ஒன்றைக் குப்பையில் போட்டதில், மாநகராட்சிக் குப்பை வண்டி நடுரோட்டில் பற்றிக்கொண்டது.

நிழல் பத்தாம் பிளாக்கைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, பஸ் நிற்கிற இடம்வரை வளர்ந்தது. ஜனங்கள் அதை மழையையும் கரண்டையும் போல எடுத்துக்கொண்டார்கள். நிழலுக்குள் இருந்த வீடுகளுக்கு வாடகை ஏறியது. பெண் பார்க்க வந்தவர்கள், வீடு நெழலுக்குள்ள வருதா என்று கேட்டுக்கொண்டு பிறகு காப்பி குடித்தார்கள். வடாம் காயவில்லை, கருவாடு காயவில்லை என்று அலுத்துக்கொண்டவர்கள், நிழலின் எல்லைக்கு அப்பால் போய்ப் பாயை விரித்தார்கள். அந்த எல்லையில் தினமும் சண்டை நடந்தது. சாம்பாரில், தலையணையில், பிள்ளைகளின் தலைமுடியில், அம்மனுக்கு ஊற்றிய கூழில்கூடப் பழவாசனை ஏறிப்போனது. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. தடைசெய்த சாமான் என்று விசாரிக்க வந்த கான்ஸ்டபிள், தொப்பியைக் கழற்றிவிட்டு நிழலில் சற்று நேரம் நின்று, சதுப்பிலிருந்து வருகிற பனியாக இருக்கும் என்று தானே சொல்லிக்கொண்டு போனார். அப்புறம் தினமும் மத்தியானம் அங்கேதான் வண்டியை நிறுத்தினார். மரம் வைக்கலாம் என்று அஞ்சுகம் சொன்னபோது, நிழல் இருக்கையில் மரம் எதற்கு என்று சிரித்தார்கள். அவளுடைய பிடிவாதத்துக்காக நட்ட புங்கங்கன்றுகள் வெயில் படாமல் வெளுத்து, கொடிபோல நீண்டு, சாய்ந்தன.

அஞ்சுகத்துக்கு நாக்கில் ருசி போயிற்று. முறைச்சோறு யார் வீட்டுடையது என்று அவளால் சொல்லமுடியவில்லை. மாடிப்படியில் ஏறினால் நடுவில் உட்கார்ந்து மூச்சுவாங்க வேண்டியிருந்தது. இருமல் முதலில் காலையில் வந்தது, பிறகு எல்லா வேளையும் வந்தது. விட்டுவிடலாம் என்று தோன்றும். தோன்றிய உடனே கை தானாக மண்பானையைத் தேடும். உள்ளே ஒன்று பிடித்திழுத்தது, வெளியே ஊரே பிடித்திழுத்தது, இரண்டுக்கும் நடுவில் அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து மோனிஷா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அம்மா இருமும்போதெல்லாம் பென்சிலை நிறுத்துவாள். இருமல் அடங்கியதும் எழுதுவாள்.

ஓசூரில் இருந்த தங்கை தேன்மொழியின் வீட்டு விசேஷத்துக்கு அவள் போனபோது, மஞ்சள் நீர் ஊற்றி முடிப்பதற்குள் கோதண்டம் போன் செய்துவிட்டார். நிழல் நைந்த துணி மாதிரி அங்கங்கே இற்று, வெயில் புள்ளிபுள்ளியாக உள்ளே விழுகிறதாம். அவள் பாதியில் திரும்பினாள். வந்ததும் சங்கத்துக்காரர்களைக் கூப்பிட்டு, நெஞ்சு வலிக்கிறது, தன்னால் முடியவில்லை, வேறு யாராவது ஊதட்டும் என்றாள். அவர்கள் நியாயமானவர்கள். அன்றே ஆளாளுக்குக் குழலை வாங்கி ஊதிப்பார்த்தார்கள். கோதண்டம் ஊதினார், பூபதி ஊதினான், கண்ணில் தண்ணீர் வரச் சகாயமேரியும் ஊதினாள். எல்லார் புகையும் எல்லாருடைய புகையும் போகிற வழியில் போய்விட்டது.

அஞ்சுகம் ஆனாலும் விட்டாள். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, நடுங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அது அடுத்த வருஷத்துக் கத்திரி வெயில். வெளியே நிழல் நாளுக்கு நாள் வெளுத்தது. யாரும் அவளைத் திட்டவில்லை, முறைச்சோறும் நிற்கவில்லை. சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு பெண்கள் வாசலில் வந்து உட்கார்ந்து, எப்படி இருக்கிறாய் என்று விசாரித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மத்தியானம், அடுத்த பிளாக்கில் தனியாக இருந்த ஏழுமலை என்கிற வயசாளி, தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது வெயிலில் சுருண்டு விழுந்து, தூக்குவதற்குள் போய்விட்டார். அவருடைய உடம்பைப் பதினோராம் பிளாக்கின் வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள். அந்த வழியாகப் போகவேண்டிய அவசியமில்லை. ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. மறுநாள் அஞ்சுகம் தானாகவே படியேறிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அல்போன்ஸ் பானையைத் துடைத்து, குழலை எடுத்து, வாய்ப்பக்கத்தைப் பஞ்சால் ஒற்றிக் கையில் கொடுத்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். ஆனாலும் கொடுத்தான்.

அதற்குப் பிறகு மாடிக்கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வந்தது. குழந்தைகள் போய்த் தொந்தரவு செய்யாமல் இருப்பதற்காக என்றார் கோதண்டம். கீழே போகவேண்டுமென்றால் அவள் கதவைத் தட்டவேண்டும். தட்டினால் யாராவது உடனே திறந்துவிடுவார்கள். ஒருநாளும் தாமதித்ததில்லை. ஆனாலும் தட்டத்தான் வேண்டும்.

ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் கரண்டு போயிற்று. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் குழலும் மினுக்கி அணைந்துவிட்டது. மின்னேற்ற வழியில்லாமல் அல்போன்ஸ் கையைப் பிசைந்தான். சரி, கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன் என்று அஞ்சுகம் கதவைத் தட்டித் திறக்கச்சொல்லி வீட்டுக்கு இறங்கினாள். பூபதி சவாரிக்குப் போயிருந்தான். குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவள் கூப்பிட்டதும் உள்ளே பக்கெட் உருளுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்துத்தான் மோனிஷா திறந்தாள், திறந்தும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் தலைக்குப் பின்னால், குளியலறைக் கூரைக்கடியில், சின்னத் தலையணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புகை அசையாமல் நின்றது. தர்பூசணி வாசனை அடித்தது.

அஞ்சுகம் அவளை உள்ளே தள்ளித் தானும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அடிக்கக் கையை ஓங்கினாள், கை இறங்கவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டாள். அம்மா ஓசூருக்குப் போய்த் திரும்பிய நாளிலிருந்து என்றாள் பிள்ளை. எடுத்தது, பெயின்ட் வாளியிலிருந்து, அடியில் கொஞ்சம் சாறு மிச்சமிருந்த குழல்களை. தினமும் ஊதி, சன்னலை அடைத்து வைத்துப் பார்த்திருக்கிறாள். முதலில் நிற்கவில்லையாம். போன வாரத்திலிருந்துதான் நிற்கிறதாம்.

"யார்னா பாத்தாங்களா?"

"இல்லம்மா. சேத்து வச்சிட்டு கோதண்டம் மாமாகிட்ட காட்டலாம்னு இருந்தேன்."

"எதுக்குடி?"

மோனிஷா தரையைப் பார்த்தாள். "நீ இருமுற. நான் இருமல. நான் ஸ்கூல் வுட்டு வந்து ஊதிக்கிறேன், நீ கீழ வந்துடு."

வெளியே வராந்தாவில் யாரோ நடக்கிற சத்தம். சகாயமேரி வாசலில் நின்று, அஞ்சுகம், இறங்கி வந்துட்டியாமே, ஒடம்புக்கு இன்னா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். குளியலறைக்குச் சன்னல் சின்னது. திறந்தால் புகை போகாது, நிற்கும், வராந்தாவில் போகிறவர் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிற்கும். அஞ்சுகம் துண்டால் விசிறினாள், அது நகர்ந்து மூலையில் போய் நின்றது. கையால் பிடித்தாள், விரலிடுக்கில் வழிந்து மறுபடி ஒன்றுசேர்ந்தது. வேறு வழி தெரியாமல் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, அந்தப் புகையில் முகத்தைப் புதைத்து, வாயைத் திறந்து, உள்ளே இழுத்தாள். காப்பியை உறிஞ்சுகிற மாதிரி இல்லை; கிணற்றில் விழுந்தவள் மேலே வந்ததும் இழுப்பாளே, அப்படி இழுத்தாள். தன் பிள்ளையின் மூச்சு முழுசும், ஒரு நூல்கூட மிச்சமில்லாமல், அவளுக்குள் போயிற்று. நெஞ்சில் ஓர் ஈரக்கல் மாதிரி உட்கார்ந்தது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டு கதவைத் திறந்து, சகாயமேரியைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள்.

கரண்டு வந்ததும் அஞ்சுகம் மாடிக்குப் போனாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், குழலைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். பஸ் நிற்கிற இடம்வரை பரந்து கிடந்தது அவள் விட்ட மூச்சு. அதை விட்ட வாய் இதுதான். விட்டதை எடுத்துக்கொள்ளவும் முடியும் என்று அவளுக்கு அதுவரை தோன்றவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊர் கறிச்சோறு தின்றுவிட்டு நிழலில் பாய்போட்டுப் படுத்திருந்த நேரத்தில், அவள் ஒரு பையில் மோனிஷாவின் பள்ளிக்கூடத்துப் புத்தகங்களும் இரண்டு பேருடைய துணியும் எடுத்துக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்துப் படியிறங்கினாள். ரகசியமாகப் போகவில்லை, நடுவழியில்தான் போனாள். பாயில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். குடியிருப்பின் வாசலை அவள் அடைவதற்குள் முன்னால் ஒரு கூட்டம் நின்றது. யார் கையிலும் எதுவும் இல்லை. கோதண்டம் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"ஓசூருக்குண்ணா."

"போய்ட்டு வா. கொயந்த இங்க இருக்கட்டும், நாங்க பாத்துக்கிறோம்."

அவருக்குத் தெரியுமா, தெரியாமல்தான் சொன்னாரா என்பது அஞ்சுகத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை. பிள்ளையின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். திரும்பி வரமாட்டேன் என்று சொன்னாள். கூட்டம் விலகவில்லை. கைக்குழந்தைக்காரிகள் குழந்தைகளைத் தோளில் தூக்கி, அவள் பார்க்கும்படி காட்டினார்கள். ஏழுமலையின் பேரை யாரோ மெல்லச் சொன்னார்கள். அதைத்தான் இத்தனை மாதமாக யாரும் சொல்லாமல் வைத்திருந்தார்கள். பூபதி ஆட்டோவிலிருந்து இறங்கி வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நின்றான்.

அப்போது அஞ்சுகம் அண்ணாந்து வாயைத் திறந்து உள்ளே இழுத்தாள். தலைக்கு மேலே நிழல் சுருங்கி, நூலாகத் திரிந்து, அவள் வாயை நோக்கி இறங்கியது. அது வந்த இடத்தில் ஆகாசம் ஓர் ஓட்டையாகத் திறந்து, வெயில் கூட்டத்தின் நடுவே கொதிக்கிற தண்ணீரைக் கொட்டினாற்போல விழுந்தது. ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு பின்வாங்கினார்கள். காக்கைகள் எழும்பிப் பறந்தன. குழந்தைகள் அழுதன. அவள் வாயை மூடினாள். இருமல் வந்தது; குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அது போகிறவரை இருமினாள். மோனிஷா முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"இன்னும் இழுத்தா மொத்தமும் வந்துரும்ணா," என்றாள் நிமிர்ந்து. "வழி வுட்டா, இருக்கிறத உங்களுக்கே வுட்டுட்டுப் போறேன். எத்தினி நாளு நிக்குதோ நிக்கட்டும்."

வழி விட்டார்கள். சகாயமேரிதான் முதலில் நகர்ந்தாள், நகர்ந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அல்போன்ஸ் ஓடிவந்து பொட்டலம் ஒன்றை நீட்டினான். நேற்று ராத்திரி மின்னேற்றிய புதுக்குழல், வழியில் நடுக்கம் எடுத்தால் வேண்டியிருக்கும் என்றான். அஞ்சுகம் அதை வெகுநேரம் பார்த்தாள். கை போயிற்று, திரும்பி வந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை, அதனால் ஒன்றும் சொல்லாமல் நடந்தாள். பூபதி பஸ் நிற்கிற இடம்வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பஸ் வந்ததும் பையை ஏற்றிவிட்டு, சன்னலுக்குக் கீழே நின்று, வந்துருவல்ல என்றான். அவள் அவன் தலையில் கைவைத்து வியர்வையைத் துடைத்துவிட்டாள். அவன் ஏறவில்லை.

அந்த நிழல் ஐப்பசிவரை நின்றதாகப் பூபதி போனில் சொன்னான். பிறகு ஒருநாள் காலையில் மொத்தமும் தூறலாக இறங்கிவிட்டதாம். பாகு மாதிரி பிசுபிசுவென்று படி, சுவர், துணிக்கொடி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டதாம். வீட்டுக்குள் எறும்பு தாங்கமுடியவில்லையாம். இப்போது பதினோராம் பிளாக்கின் மொட்டை மாடியில் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னும் நாற்காலிகள் போட்டு, ஆணும் பெண்ணுமாக வரிசையாக உட்கார்ந்து மத்தியானமெல்லாம் ஊதுகிறார்களாம். அல்போன்ஸ் ஓயாமல் துடைத்துத் துடைத்து மின்னேற்றிக் கொடுக்கிறானாம். ஒருத்தர் புகையும் நிற்கவில்லையாம். நிற்காவிட்டால் எழுந்துபோக வேண்டியதுதானே என்று அஞ்சுகம் கேட்டாள். எழுந்துக்க முடியல என்றான் பூபதி. அவன் இருமுகிற சத்தம் கேட்டது.

ஓசூரில் அஞ்சுகம் தங்கையோடு பூத்தோட்டத்தில் ரோஜா கட்டுகிற வேலைக்குப் போனாள். கை நடுங்குகிற நேரத்தில் ஒரு ரோஜாக்காம்பை வாயில் கடித்துக்கொண்டு வேலை செய்தாள். மார்கழி பிறந்தபோது அந்த ஊரில் அவள் அறியாத குளிர் வந்தது. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடப் போகையில் எதிரில் வருகிற எல்லார் வாயிலிருந்தும் புகை வந்தது. பால்காரர் வாயிலிருந்து, கோலம் போடுகிற பெண்கள் வாயிலிருந்து, மாடுகளின் மூக்கிலிருந்து. அவள் முந்தானையை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, அதற்குள்ளேயே மூச்சு விட்டாள். மோனிஷா கட்டமாட்டாள். ஓடுவாள், சிரிப்பாள், வாயைக் குவித்து ஊதி ஊதிப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவை அவள் ஊதும்போதும் அஞ்சுகம் நின்றுவிடுவாள்.

"வாம்மா, பெல் அடிச்சிருவாங்க."

"இரு."

பிள்ளையின் வாயிலிருந்து வந்த வெள்ளை மூச்சு தெருவின் நடுவில் கொஞ்சம் நிற்கும். அது மெலிந்து, நூலாகி, பின்னால் இருக்கிற சுவரும் சுவரில் ஒட்டிய சுவரொட்டியும் முழுசாகத் தெரிகிறவரைக்கும் அஞ்சுகம் அடுத்த அடியை எடுத்துவைப்பதில்லை.